எலிக்குக் கொடுத்த சாறு

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர்களே, உங்கள் கட்டுரைகளை அனுப்பி அபிப்பிராயம் கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை இருக்கப்போகிறது என்று நினைத்துத்தானே அனுப்பினீர்கள்? சரியாகத்தான் நினைத்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். கீழாநெல்லி, கொத்தமல்லி, நெல்லிக்காய், மஞ்சள் என்று ஆளுக்கொரு செடியைப் பிடித்துக்கொண்டு, காரீயத்தாலும் காட்மியத்தாலும் கெட்டுப்போன எலிகளின் ரத்தத்தை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். எலிகள் சார்பாக நன்றி.

ஆனால் பாருங்கள், எல்லாக் கட்டுரைகளும் ஒரே வாக்கியத்தில் வந்து முடிகின்றன. "இச்சாறு மனிதர்களுக்கும் பாதுகாப்பளிக்கும் எனக் கருதலாம்." ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினீர்களா, இல்லை கல்லூரியே அச்சடித்துக் கொடுத்துவிட்டதா தெரியவில்லை. அந்தக் கடைசி 'லாம்' இருக்கிறதே, நீங்கள் எழுதும்போது அது இருக்கிறது. அடுத்தவர் காதில் விழும்போது இருப்பதில்லை. நடுவில் எங்கே உதிர்ந்துபோகிறது என்பதை நான் ஒரு தடவை கண்ணால் பார்த்தேன்.

அப்போது அடையாறில் ஒரு கல்லூரியின் நச்சியல் ஆய்வகத்தில் வேலை. கே.கே. நகரிலிருந்து தினமும் பஸ். எங்கள் துறைத் தலைவர் மயிலாப்பூர்க்காரர். அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் போன் செய்து, "என்னைப் பத்தி எழுதறச்சே ஒரு வார்த்தை கேக்கப்படாதா?" என்பார். கேட்டால், "எழுதவே வேண்டாம்" என்பார்.

அவருடைய செடி முருங்கை. காரீயம் கலந்த தண்ணீரைக் குடித்த எலிகளுக்கு ரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைந்தன. கூடவே முருங்கை இலைச் சாறும் குடித்த எலிகளுக்கு அவ்வளவாகக் குறையவில்லை. இவ்வளவுதான் செய்தி. நல்ல வேலைதான், இன்றைக்கும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். தலைவருக்கோ அது தன் வீட்டுக் குழந்தை முதல் வகுப்பில் பாஸானது மாதிரி. கேன்டீனில் சாம்பாரில் முருங்கைக்காய் மிதந்தால்கூட எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

ஒரு யூடியூப் நிகழ்ச்சியில் அவரைப் பேட்டி எடுத்தார்கள். அவர் கவனமானவர். "எங்க ஆராய்ச்சி எலிகள்லதான் நடந்தது. மனுஷாளுக்கு இன்னும் பாக்கல" என்றுதான் ஆரம்பித்தார். நான் பக்கத்திலேயே இருந்தேன். ஆனால் அந்தப் பேட்டியிலிருந்து யாரோ ஒரு சின்னத் துண்டை வெட்டி வாட்ஸப்பில் விட்டார்கள். துண்டு அந்த வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியத்தில் ஆரம்பித்தது. "முருங்கை இலைச் சாறு, காரீயத்தால ரத்தம் கெடாம காப்பாத்தறது." எலி வெட்டுப்பட்டுப் போய்விட்டது.

அந்தத் துண்டு எங்கெங்கோ சுற்றி ராயப்பேட்டையில் கரீம் பாயின் பேட்டரி பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது.

கரீம் பாயை எனக்கு முன்பே தெரியும். பழைய ஆட்டோ பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத் தகட்டை உருக்கித் திரும்பப் போடுகிற வேலை. வயிற்றுவலி, அசதி, மணிக்கட்டில் பலமில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனவரை, ரத்தத்தில் காரீயம் பார்த்துக்கொண்டு வரச்சொல்லி டாக்டர் எங்களிடம் அனுப்பியிருந்தார். நிறையவே இருந்தது. சோகையும் இருந்தது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். உருக்குகிற வேலையை நிறுத்தச் சொன்னார், முடியாவிட்டால் முகமூடியாவது போட்டுக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச நாள் ஒழுங்காக ரத்தம் கொடுக்க வந்தார் பாய். அப்புறம் காணோம்.

திரும்ப வந்தபோது ஆளே மாறியிருந்தார். முகத்தில் தெளிவு, நடையில் வேகம். ரத்தம் கொடுக்க வரவில்லை. தலைவரைப் பார்க்க வந்திருந்தார், கையில் பேரீச்சம்பழ டப்பாவோடு.

"சார், நீங்க போன்ல சொன்னீங்களே, அதையே டெய்லி குட்ச்சிகினு கீறேன். வவுத்து வலி போயே போச்சு. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கும், இப்ப அதுவும் இல்ல. நீங்க நல்லா இருக்கணும் சார்!"

அந்த இடத்தில் யாராக இருந்தாலும் உருகித்தான் போயிருப்பார்கள். வருஷக்கணக்காக எலி வாலைப் பிடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் ஒரு முழு மனுஷன் வந்து நின்று, உங்களால் பிழைத்தேன் என்கிறான். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாத்திரைகளும்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஆனால் அந்த மாத்திரையை யாரும் பேட்டி எடுத்ததில்லையே, அதனால் அதற்கு ஒரு பேரீச்சம்பழம்கூடக் கிடைக்கவில்லை.

இது பேட்டி எடுத்தவர்கள் காதுக்கும் போயிற்று. உடனே இன்னொரு நிகழ்ச்சி என்றார்கள். இந்த முறை ஆய்வகத்திலேயே, கரீம் பாயை உட்காரவைத்து. தலைவர் சம்மதித்தார். "சும்மா பேசினா நன்னாருக்காது. பழைய ரிப்போர்ட், புது ரிப்போர்ட் ரெண்டையும் காமிக்கணும்" என்று அவரேதான் சொன்னார். அந்தப் புத்தி அவருக்கு எப்போதும் உண்டு. படப்பிடிப்புக்கு முந்தின நாள் பாயிடம் ரத்தம் எடுத்தோம்.

மறுநாள் காலை எங்கள் வராந்தா கல்யாண வீடு மாதிரி இருந்தது. விளக்குக் கம்பங்கள், ஒயர்கள். பேட்டி எடுக்கும் பெண் கண்ணாடிக் குடுவைகளுக்கு முன்னால் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். எங்கள் ஆராய்ச்சி மாணவன் பிரபு, வாழ்க்கையில் முதல்முறையாக வெள்ளை கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தான். கரீம் பாய் புதுச் சட்டை, அத்தர் மணக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய் ரிப்போர்ட்டை எடுத்தேன்.

ஹீமோகுளோபின் ஏறியிருந்தது. நன்றாகவே ஏறியிருந்தது. காரீயமும் ஏறியிருந்தது. முதல் தடவை பார்த்ததைவிட அதிகம்.

தலைவரை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை, இயந்திரத்தைப் பார்த்தார்.

"இது சரியாத்தானே வேலை செய்யறது?"

"நல்லாத்தான் இருக்கு சார். ரெண்டாவது தடவையும் போட்டுட்டேன்."

"இன்னொரு தரம் போடும்மா."

போட்டேன். அதே கதைதான். வெளியிலிருந்து "சார் ரெடியா?" என்று குரல் வந்தது. பிரபு எட்டிப் பார்த்தான், காகிதத்தை வாங்கி இரண்டு எண்களையும் பார்த்தான். அப்புறம் சொன்னான், "சார், ஹீமோகுளோபினை மட்டும் காமிச்சிடலாமே. அது நிஜம்தானே? நாம ஒண்ணும் பொய் சொல்லலையே."

அவனைத் திட்டாதீர்கள். உங்களில் பாதிப்பேருக்கு அந்த யோசனை இப்போதே வந்திருக்கும், எனக்குத் தெரியும். தலைவர் அதைக் கேட்டவுடன், "கூடாது!" என்று முழங்கினார் என்று எழுத எனக்கு ஆசைதான். அவர் முழங்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றார். அடுத்த வருஷம் ஆராய்ச்சிக்குப் பணம் வர வேண்டும், வெளியே விளக்கெல்லாம் எரிகிறது, பிரபு சொல்வதோ பொய்யில்லை. அந்த நிமிஷம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்ந்திருக்கும்.

"சார், மனுஷரையே வெளியில உக்கார வச்சுக்கிட்டு நாம காகிதத்தோட பேசிக்கிட்டிருக்கோம். அவர்கிட்டயே கேட்டா என்ன?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "கூப்பிடு" என்றார்.

கரீம் பாய் உள்ளே வந்தார். தலைவர் அவரிடம் எண்களைச் சொல்லவில்லை. "பாய், நீங்க அந்தச் சாறை எப்படிப் பண்றேள்? எனக்கு ஒருதரம் சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்டார்.

பாய்க்கு ஒரே குஷி. கேமராவுக்கு முன்னால் சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எங்களுக்கு அவிழ்த்துவிட்டார். "காலீல வந்ததும் மொத வேலை அதான் சார். பட்டறைக்குப் பின்னாடியே மரம் கீது. சும்மா தளதளன்னு நிக்கும். ஒடிச்சு, உருவி, அப்டியே மிக்ஸில போட்டு ஒரு சுத்து. வடிகட்டி ஒரே மடக்கு."

"அலம்ப மாட்டேளா?"

"கழுவுனா சத்து போயிடும்ல சார்?"

"மரத்துக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"

"அடுப்பு. தகடு உருக்குற அடுப்பு. வேற இன்னா கீது அங்க?"

நானும் தலைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அடுப்புப் புகையும் தகட்டுத் தூசியும் படிந்த இலையைத் தினமும் வெறும் வயிற்றில் அரைத்துக் குடித்திருக்கிறார் மனிதர். கீரையும் மாத்திரையும் சேர்ந்து ரத்தத்தை ஏற்றியிருக்கின்றன. தூசி காரீயத்தை ஏற்றியிருக்கிறது. முகம் தெளிந்ததைப் பார்த்து எல்லோரும் கை தட்டியிருக்கிறோம்.

"முகமூடி போட்டுக்கறேளா?" என்று தலைவர் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அது எதுக்கு சார் இனிமே? அதான் மருந்து உள்ள கீதே! பட்டறைல எல்லாரையும் கழட்டிப் போடுன்னு சொல்லிட்டேன். ஒரே புழுக்கம் அது."

தலைவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பிரபு தன் கையிலிருந்த காகிதத்தை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டான். அதற்கப்புறம் ஹீமோகுளோபின் பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

எனக்கு ஒரு கேள்வி பாக்கியிருந்தது. நல்ல பொருளென்று நம்புகிற எதையும் நம் ஊரில் யாரும் தனியாகச் சாப்பிடுவதில்லை. பெற்றவர்கள் அதிலும் மோசம்.

"பாய், வேற யாருக்காவது குடுக்கறீங்களா?"

"பட்டறைப் பசங்க, குட்த்தா ஓடிடுவானுங்க. என் பொண்ணுக்குத்தான் மேடம். ஷமீமா. கோட்டூர்புரத்துல கட்டிக் குட்த்துகீறேன். மாசமா கீது. சாயங்காலம் வண்டில போய் ஒரு கட்டு எலை குட்த்துட்டு வந்துடுவேன். ரத்தம் ஊறணுமே, மொத புள்ளயாச்சே."

தலைவர் எழுந்தார். நேராக வராந்தாவுக்குப் போய், அந்தப் பேட்டிப் பெண்ணிடம், "மன்னிச்சுக்கோம்மா, இன்னிக்கு நிகழ்ச்சி இல்லை. நான் சொன்னது ஒண்ணு தப்பாப் போயிருக்கு. அதைச் சரி பண்ணிட்டு வந்து, வேணும்னா அதையே சொல்றேன்" என்றார். அவள் விளக்குகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பதிலுக்கு அவர் நிற்கவில்லை. தலைவரும் பாயும் நானும் கோட்டூர்புரத்துக்கு ஆட்டோவில் ஏறினோம். நடந்ததை வழியில்தான் பாய்க்குச் சொன்னோம். பாதி வழி வரைக்கும் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அப்புறம் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அது ஒரு மாடி வீடு. ஷமீமா கதவைத் திறந்தாள். சின்னப் பெண், வயிறு நன்றாகத் தெரிந்தது. அப்பா முகத்தைப் பார்த்ததும், "இன்னா அத்தா ஆச்சு?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த இடத்தில்தான் தலைவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். நானாக இருந்தால் நேராக விஷயத்துக்குப் போயிருப்பேன். அவர் தண்ணீர் கேட்டார். உட்கார்ந்தார். மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது என்றார். அதற்குப் பிறகு, "அத்தா குடுத்த முருங்கை இலையை அரைச்சு ஒழுங்காக் குடிக்கறியாம்மா?" என்று ஏதோ பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி கேட்டார்.

"டெய்லி குடிக்கிறேன் சார். ஒரு நாள்கூட விட்டதில்ல" என்றாள் அவள்.

கரீம் பாய் தலையைப் பிடித்துக்கொண்டார்.

தலைவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பாயிடம் திரும்பி, "பாய், கீழ போய் எங்களுக்கு ரெண்டு டீ சொல்லுங்கோளேன். எனக்குச் சக்கரை வேண்டாம்" என்றார். இந்த நேரத்தில் டீயா என்று எனக்கே கோபம் வந்தது. பாய் பிரமை பிடித்தவர் மாதிரி படியிறங்கிப் போனார். செருப்புச் சத்தம் அடங்கியதும் தலைவர் முன்னால் குனிந்து, "இப்ப சொல்லு. நிஜமாவே குடிக்கறியா?" என்றார்.

அந்தப் பெண் வாசற்பக்கம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "அத்தாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

"சொல்ல மாட்டேன்" என்றார் தலைவர்.

"மொதல்ல கொஞ்ச நாள் குடிச்சேன் சார். அந்த வாசனைக்கே ஒமட்டிகினு வந்துச்சு. ரெண்டு வாட்டி வாந்தி. அதுக்கப்புறம் எல்லாத்தையும் குப்பைலதான் போடுறேன். அவுரு எவ்ளோ ஆசையா எட்த்துகினு வராரு, வேணாம்னு எப்டி சொல்றது? அதான்…"

"பக்கத்து வீட்டுல யாருக்காவது குடுத்தியா?"

"இல்ல சார். அத்தா காதுக்குப் போயிடுமே."

தலைவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. அவள் பயந்துபோய், "தப்பா சார்?" என்றாள். "இல்லம்மா. சமத்து. இத்தனை வருஷத்துல இவ்ளோ சமத்தா ஒருத்தர் பொய் சொல்லி நான் பாத்ததில்லை" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கையோடு கொண்டுபோயிருந்த ஊசியால் அங்கேயே அவளிடம் ரத்தம் எடுத்தேன். டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை.

அவள் ரத்தத்தில் காரீயம் இருந்தது. ஆரம்பத்தில் குடித்ததும், அப்பாவின் வேலைச் சட்டையோடு வந்ததும் எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஆட்டோவில் வரும்போது நாங்கள் மனதுக்குள் போட்ட கணக்கில் சின்னப் பங்குதான். டாக்டரிடம் அனுப்பினோம். சுண்ணாம்புச்சத்து, பால், இரும்பு என்று சாப்பாட்டைச் சொல்லி, பிரசவம் வரைக்கும் விடாமல் பார்த்தார்கள். பாயை ஆஸ்பத்திரியில் சேர்த்து, காரீயத்தை வெளியேற்றுகிற முறையான மருந்தைக் கொடுத்தார்கள். பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் ரத்தம் எடுத்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பாய், அடுப்பைத் தானே இடித்தார். இப்போது புதுத் தகடு வாங்கிப் போடுகிற வேலையும் விற்பனையும்தான். வருமானம் குறைந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். மரத்தை வெட்டும்போது மட்டும் அவர் அழுதாராம்.

"அவ தெனம் குட்ச்சாளே, அவளுக்கு மட்டும் எப்டி சார் கம்மியாச்சு?" என்று பாய் விடாமல் கேட்டார். "ஒவ்வொருத்தர் உடம்பு ஒரு மாதிரி, பாய்" என்றார் தலைவர், என் பக்கம் பார்க்காமல். ஆதாரமில்லாமல் அவர் சொல்லி நான் கேட்ட ஒரே வாக்கியம் அது. வாக்குக் கொடுத்திருந்தாரே.

பேட்டிக்காரர்களை அவரே திரும்பக் கூப்பிட்டார். எலிக்கும் மனிதனுக்கும் உள்ள தூரத்தைப் பற்றி, நஞ்சு வருகிற வழியை அடைக்காமல் மருந்தைத் தேடுவதைப் பற்றி, தன் பேச்சு எங்கே போய் என்ன செய்தது என்பதைப் பற்றி, பட்டறைப் பெயரைச் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் அதை வெட்டி, "முருங்கைக்கீரையைக் கழுவிச் சமையுங்கள்: பேராசிரியர் அறிவுரை" என்று போட்டார்கள். போகட்டும், அதுவும் உண்மைதானே. எங்கள் கட்டுரையின் கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு, "இம்முடிவுகள் எலிகளுக்கு மட்டுமே பொருந்தும். காரீயத்தோடு வேலை செய்வோர் பாதுகாப்பு முறைகளைக் கைவிடக் கூடாது" என்று எழுதினார். அதனால் ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியது, கவர்ச்சி போதவில்லை என்று. இன்னொன்று போட்டது.

உங்கள் ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. நாளைக்கு உங்களில் ஒருவருடைய செடியிலிருந்து நிஜமாகவே மருந்து வரலாம். இந்த 'லாமை' நான் தெரிந்துதான் போடுகிறேன். ஆனால் நீங்கள் ஒரு வாக்கியத்தை எழுதி முடித்ததும், அதன் முதல் பாதியை வெட்டிவிட்டு மீதியை ஒரு கரீம் பாய் கேட்டால் என்ன செய்வார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். எண்களில் ஒன்று உங்களுக்குச் சாதகமாக இருந்தால், இன்னொன்றைக் கையால் மறைக்காதீர்கள். காகிதம் குழப்பினால் ஆளைக் கேளுங்கள். ஆள் உண்மை சொல்லத் தயங்கினால், பக்கத்தில் இருப்பவரை டீ வாங்க அனுப்புங்கள்.

ஷமீமாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி ரத்தத்தை எங்களுக்கு அனுப்பினார்கள். முடிவை எடுத்துக்கொண்டு நானும் தலைவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பயப்படுகிற அளவு இல்லை, ஆனால் குழந்தையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார் டாக்டர். கரீம் பாய் வார்டில் இருந்த எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார், நர்ஸ் திட்டத் திட்டக் கொடுத்தார். கடைசியில் தலைவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இனிமே நீங்க சொன்னாத்தான் எதையும் தொடுவேன். இப்ப சொல்லுங்க. என் பொண்ணு இன்னா சாப்புடணும்? நான் இன்னா சாப்புடணும்?" என்று கேட்டார்.

இலைகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய மனிதர் அவர். கட்டிலில் ஷமீமா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவர் அவளை ஒரு தடவை பார்த்தார்.

"அவளுக்கு எது பிடிக்கறதுன்னு அவளையே கேட்டுட்டுக் குடுங்கோ" என்றார். "நீங்க எது வேணும்னாலும் சாப்பிடுங்கோ பாய். கைய அலம்பிண்டு சாப்பிடுங்கோ."